மார்கழியில் குருவிக்கு என்ன வைக்கலாம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். புறவாசலில் வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை, ரெண்டு வாழை உண்டு. கனடாவில் குளிர்காலத்தில் பறவைகளுக்குக் கொழுப்பு உருண்டை கட்டித் தொங்கவிடுகிறார்கள் என்று மகன் சொல்கிறான். நானும் கார்த்திகையிலிருந்து கம்பும் நொய்யும் போடுகிறேன். மழையில் நனைந்து முளைத்துக் கிடக்கிறது. சாயங்காலம் வந்து கத்தும் ஆறுமணிக்குருவி அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: கொழுப்பு உருண்டை நமக்கு வேண்டாம். கனடாவில் பனி மூடிவிட்டால் புழு பூச்சி கிடைக்காது. நீண்ட ராத்திரியைத் தாண்ட உடம்புச் சூட்டுக்குக் கொழுப்பு தேவை. நம்மூரில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வடகிழக்குப் பருவமழை பெய்து புல்லும் பூச்சியும் பெருகியிருக்கும் நேரம் இது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கு வருவதும் இந்தப் பருவத்தில்தான். இங்கே பறவைகள் திண்டாடுவது பங்குனி, சித்திரையில்.

உங்கள் ஆறுமணிக்குருவியும் வலசை வந்ததே. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் வந்து, கோடையில் கிளம்பிவிடும். அது தானியம் தின்னாது. தரையில் தத்தித்தத்திச் சருகைப் புரட்டி மண்புழு, வண்டு, கரையானைப் பொறுக்கும். அதற்கு நீங்கள் வைக்கக்கூடிய தீனி ஒன்றுதான்: வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் வாழையடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். பார்க்கக் குப்பையாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லத்தான் செய்வார்கள். பாம்புக்குப் பயமென்றால் நடக்கிற இடத்தைச் சுத்தமாக வைத்து, சருகை வேலியோரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தவிட்டுக்குருவிக் கூட்டமும் அதைக் கிளற வரும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும்.

முருங்கைப் பூ தேன்சிட்டுக்கு, கறிவேப்பிலைப் பழம் குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும். பறிக்காமல் விட்டாலே போதும்.

கம்பு, நொய் போடுவது தப்பில்லை, அளவுதான் முக்கியம். மழை இல்லாத காலையில் ஒரு கைப்பிடி தட்டில் வையுங்கள், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துத் தட்டைக் கழுவிவிடுங்கள். நனைந்த தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம்பட்ட வேர்க்கடலை இன்னும் மோசம். முறுக்கு, மிக்சர் மிச்சமெல்லாம் உப்பு, போடவே கூடாது.

இதைவிட நல்லது பழைய வழக்கம். தை, மாசியில் பிசான அறுப்பின்போது தெரிந்தவர் வயலில் ரெண்டு பிடி நெற்கதிர் கேட்டு வாங்கி, தாழ்வாரத்துக் கூரைக்கடியில் கட்டித் தொங்கவிடுங்கள். நனையாது. சிட்டுக்குருவி தொற்றிக்கொண்டு உரித்துத் தின்னும், மாடப்புறாவால் அப்படித் தொற்ற முடியாது. தரையில் அள்ளி இறைத்தால் முதலில் குவிவது மாடப்புறாதான். அதன் எச்சத் தூசி சிலருக்கு நுரையீரல் நோயைக் கொண்டுவரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் இப்போது கட்டாயமில்லை, மாசி கடைசியிலிருந்து அவசியம். அகன்ற மண்சட்டியில் ரெண்டு விரற்கடை ஆழம் போதும். தினமும் கொட்டி, சட்டியின் உள்விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்து மாற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த விளிம்பில்தான், வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. பூனை நடமாட்டம் இருந்தால் சட்டியைச் செடியை ஒட்டி வைக்காமல், அது பதுங்கிப் பாய முடியாதபடி ஏழெட்டடி தள்ளி வெட்டவெளியில் வையுங்கள்.