அப்பாகிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம், ட்ரையல்ல சேர்க்கலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், எங்கப்பாவுக்கு 61 வயசு. சாப்பாடு நெஞ்சுல நிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தார், எண்டோஸ்கோப்பி பண்ணதுல உணவுக்குழாயும் இரைப்பையும் சேருற இடத்துல கட்டின்னு சொன்னாங்க, பயாப்சில கேன்சர்னு வந்துருச்சு, கல்லீரலுக்கும் பரவியிருக்கு. இன்னும் கீமோ ஆரம்பிக்கல. பாக்குற ஆஸ்பத்திரில ஒரு கிளினிக்கல் ட்ரையல் நடக்குது, சேர்றீங்களான்னு கேக்கறாங்க. "அப்பாவை வெச்சு டெஸ்ட் பண்ண விடமாட்டேன்"னு அண்ணன் ஒரே பிடியா நிக்கறான். டம்மி மருந்து போட்டு விட்டுருவாங்களோன்னு எனக்கும் பயமா இருக்கு. அப்பாகிட்ட அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். அவருக்குத் தெரியாம நாங்க கையெழுத்து போட்டு சேர்க்கலாமா?

பதில்: கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்மா. முடியாது. உங்கப்பா நல்ல நினைவோட, யோசிச்சு முடிவெடுக்கற நிலைமைல இருக்கறப்போ அவருக்கு பதிலா நீங்களோ அண்ணனோ கையெழுத்து போட முடியாது, புது மருந்துகளுக்கும் கிளினிக்கல் ட்ரையலுக்கும் 2019-ல வந்த விதிகள்ல இது தெளிவாவே இருக்கு. என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து எல்லாத்தையும் அவருக்குப் புரியற பாஷைல சொல்லி, அவர் சந்தேகம் கேட்டு, அவரே கையெழுத்து போடணும், அதோட ஒரு காப்பியும் அவர் கைல குடுக்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும்.

சட்டத்தை விடுங்க, ட்ரையல் இல்லாம சாதாரண கீமோன்னே வெச்சுக்கிட்டாலும் எத்தனை நாளைக்கும்மா அல்சர்னு சொல்ல முடியும்? முடி கொட்டலாம், கை காலெல்லாம் மரத்துப் போகலாம், வார்டுல பக்கத்து பெட்காரர் பேச்சுக் குடுப்பார், ஃபைல்லயே ஆன்காலஜின்னு போட்டிருக்கும். அவருக்கு எப்படியும் தெரிஞ்சிடும், நிறைய பேர் தெரிஞ்சும் பிள்ளைங்க வருத்தப்படுவாங்கன்னு தெரியாத மாதிரியே இருப்பாங்க, வீட்டுல ஆளுக்கொரு பக்கம் தனியா அழுதுட்டு இருப்பீங்க. நீங்க மறைக்கறது பாசத்துலதான், அது எனக்குப் புரியுது. ஆனா எவ்வளவு நாள் ஆஸ்பத்திரில இருக்கறது, எதைத் தாங்கிக்கறது, எது வேண்டாம்னு சொல்றது எல்லாம் அவரோட உடம்பு, அவர் சொல்ல வேண்டிய விஷயம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டணும்னு இல்ல. டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிட்டு, அப்பாவை உக்கார வெச்சு "உங்களுக்கு என்னன்னு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க"ன்னு அவரையே கேக்கச் சொல்லுங்க, அங்கேருந்து மெதுவா போகலாம்.

இப்போ டம்மி மருந்து பயம். கீமோ இன்னும் ஆரம்பிக்காத ஆளுக்கு, அதாவது முதல் கட்ட சிகிச்சைக்கு நடக்கற பெரிய ட்ரையல்கள்ல வெறும் டம்மி மட்டும் குடுத்து விடமாட்டாங்க. கீமோ ரெண்டு பக்கமும் உண்டு, அது கூட ஒரு குரூப்புக்கு புது மருந்து, இன்னொரு குரூப்புக்கு டம்மியோ இல்ல கீமோ மட்டுமோ. யார் எந்தக் குரூப்னு கம்ப்யூட்டர்தான் பிரிக்கும், டாக்டர் கைல இல்ல. கீநோட் 859-னு ஒரு ட்ரையல் அப்படித்தான் நடந்துச்சு, டம்மி வாங்கினவங்களுக்கும் முழு கீமோ கிடைச்சுது. வெறும் டம்மியோட ஒப்பிட்ட ட்ரையலும் இருக்கு, 2017-ல ஜப்பான், கொரியா, தைவான்ல நடந்து வெளிவந்த அட்ராக்‌ஷன் 2 மாதிரி, ஆனா அது ரெண்டு மூணு கட்ட கீமோவும் முடிஞ்சு வேற வழி இல்லாதவங்களுக்கு. உங்கப்பா அந்த இடத்துல இல்ல.

அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு அப்பாவுக்கு "வழக்கமான சிகிச்சை"ன்னு எழுதிக் குடுக்கறதே யாரோ ஒருத்தரோட அப்பா அம்மா ட்ரையல்ல சேர்ந்ததாலதான் தெரிய வந்தது. 2010-ல டோகான்னு ஒரு ட்ரையல், ஹெர்2 பாசிட்டிவ், அதாவது கட்டில ஹெர்2-ங்கற புரதம் அதிகமா இருக்கறவங்களுக்கு கீமோவோட ட்ராஸ்டுசுமாப்ங்கற மருந்தைச் சேர்த்தாங்க, சராசரி ஆயுள் 11.1 மாசத்துலேருந்து 13.8 மாசமாச்சு. அப்புறம் 2021-ல செக்மேட் 649 வந்து நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபிக்கு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சருக்கு எதிரா தூண்டி விடற மருந்துக்கு, வழி விட்டுது, 2023-ல ஸ்பாட்லைட், க்ளோன்னு ரெண்டு ட்ரையல் கட்டில க்ளாடின் 18.2-ங்கற புரதம் இருக்கறவங்களுக்கு ஜோல்பெடுக்சிமாப்ங்கற மருந்து உதவுதுன்னு காட்டுச்சு. எண்ணிக்கை சின்னதா தெரியும், நிஜமாவே ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மாசக் கணக்குதான், இதை மறைச்சு பெரிய நம்பிக்கை குடுக்க எனக்கு மனசில்ல. எல்லா ட்ரையலும் ஜெயிக்கறதும் இல்ல. பெருங்குடல் கேன்சருக்கு நல்லா வேலை செஞ்ச பெவாசிசுமாப்பை இரைப்பைக்குப் போட்டுப் பார்த்தாங்க, 2011-ல முடிவு வந்துச்சு, ஆயுள் கூடல. புது மருந்துன்னா நல்ல மருந்துன்னு அர்த்தமில்ல, பழசை விட நல்லதான்னு தெரியாததாலதான் ட்ரையலே நடத்தறாங்க.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி அந்த டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, "ட்ரையல்ல சேரலைன்னா எங்கப்பாவுக்கு என்ன சிகிச்சை குடுப்பீங்க?" இதுக்கு வர்ற பதிலை வெச்சுத்தான் மத்த எல்லாமே. பயாப்சி சதையில, எந்த மருந்து பொருந்தும்னு காட்டற ஹெர்2, பிடி-எல்1, எம்எஸ்ஐ, முடிஞ்சா க்ளாடின் 18.2 டெஸ்ட் பண்ணாங்களான்னும் கேளுங்க, பண்ணலன்னா முதல்ல அதைப் பண்ணச் சொல்லுங்க. ஏன்னா இந்த டோகா ட்ரையலுக்கு டெஸ்ட் பண்ணதுலயே நூத்துக்கு 22 பேருக்குத்தான் ஹெர்2 பாசிட்டிவ், அந்த 22-ல உங்கப்பா ஒருத்தரா இருந்தா ட்ராஸ்டுசுமாப்ங்கறது ட்ரையலுக்கு வெளியவே கிடைக்கற மருந்து, அதைக் குடுக்காத ட்ரையல்ல எதுக்கு சேரணும்? எம்எஸ்ஐ ஹைன்னு வந்தா இம்யூனோதெரபி ரொம்ப நல்லா கேக்கும், அது கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கும், ஆனா விட்டுறக் கூடாத டெஸ்ட்.

அப்புறம் ட்ரையல் எந்த ஃபேஸ்னு கேளுங்க. ஃபேஸ் 1-ன்னா எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும்னு முதல் தடவை பாக்கறது, ஃபேஸ் 3-ன்னா ஏற்கனவே நடைமுறைல இருக்கற சிகிச்சையோட ஒப்பிடறது, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஸ்க்ரீனிங் முடிஞ்சு முதல் ஊசி போட எத்தனை நாள் ஆகும்னும் கேட்டுக்கோங்க, கல்லீரல்ல பரவியிருக்கறப்போ இழுத்துட்டே போகக் கூடாது. ட்ரையல் மருந்துக்கு காசு கேட்டா அங்கேருந்து எந்திரிச்சு வந்துருங்க. ஸ்கேன், ரத்த டெஸ்ட், பஸ் செலவு இதெல்லாம் யார் குடுக்கறாங்கன்னு பேப்பர்லயே எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க. ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் குடுக்கணும்னு அதே 2019 விதிகள்ல இருக்கு. நம்ம நாட்டுல நடக்கற ட்ரையல் எல்லாம் சிடிஆர்ஐ-ங்கற ட்ரையல் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும், 2009-லேருந்து கட்டாயம், நெட்ல யார் வேணா பாக்கலாம், அந்த நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. நடுவுல பிடிக்கலைன்னா எப்ப வேணா காரணம் சொல்லாம வெளிய வந்துடலாம், அதுக்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. இதை அண்ணன்கிட்ட அழுத்திச் சொல்லுங்க, ஒரு தடவை கையெழுத்து போட்டா மாட்டிக்குவோம்னு நினைச்சுத்தான் நிறைய பேர் பயப்படறாங்க.

சந்தேகம் இருந்தா பயாப்சி பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிட்டு அடையாறு, ஜிப்மர், வேலூர் சிஎம்சி எங்க வசதியோ அங்க ஒரு செகண்ட் ஒப்பினியன் போங்க, எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நாட்டு மருந்து ஏதாவது குடுத்துட்டு இருந்தா ட்ரையல் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, கல்லீரல் டெஸ்ட் கூடக் குறைய வந்தா எதனாலன்னே தெரியாமப் போயிடும்.

இதெல்லாம் பேசி முடிக்கறதுக்குள்ள அப்பா எடை இறங்கிடக் கூடாதும்மா. உடம்பு ரொம்ப தளர்ந்துட்டா ட்ரையல்லயும் எடுக்க மாட்டாங்க, கீமோவும் தாங்காது. இட்லி இறங்கலன்னா கஞ்சி, முட்டை அடிச்ச பால், பருப்புத் தண்ணின்னு கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுங்க, டயட்டீசியனைப் பாருங்க. தண்ணியே இறங்கல, கருப்பா மலம் போகுது, ரத்த வாந்தி, கண்ணு மஞ்சளாகுது, இதுல எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கறதோ ட்யூப் வழியா சாப்பாடு குடுக்கறதோ பண்ணலாம், ட்ரையல் முடிவாகற வரைக்கும் அதுக்காக காத்திருக்க வேண்டியதில்ல.