மில் மெக்கானிக் ஆக ஐ.டி.ஐ. போகலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஊர் வேடசந்தூர் பக்கம், சுற்றிலும் நூற்பாலைகள். மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஆக ஆசை. அப்பாவோ, "கிரீஸ் கையோடு திரியவா படிக்க வைத்தேன்?" என்று இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார். ஐ.டி.ஐ. போகலாமா, நேராக மில்லில் ஹெல்ப்பராகச் சேர்ந்துவிடலாமா?
- ஒரு வாசகர்

பதில்: ஐ.டி.ஐ. போங்கள் தம்பி. ஹெல்ப்பராகச் சேர்ந்தாலும் வேலை பழகிவிடும்தான். ஆனால் நாளை ரயில்வேக்கோ பெல் நிறுவனத்துக்கோ விண்ணப்பம் போட்டால், முதலில் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

ஃபிட்டர் டிரேடு (இயந்திரப் பாகங்களை ராவிப் பொருத்தும் தொழிற்பிரிவு) எடுங்கள், இரண்டு வருடம். இயந்திரப் பராமரிப்புக்கென்றே தனி டிரேடும் உண்டு. ஆனாலும் வேலை அறிவிப்புகளில் ஃபிட்டர் என்ற பெயர்தான் அதிகம் வருகிறது. அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியார் என்றால் மத்திய அரசின் என்.சி.வி.டி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

ஆரம்பத்தில் அரத்தை வைத்து இரும்பை ராவிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். கை படிவதும், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கப் பழகுவதும் அங்கேதான்.

மில்லுக்குள் உங்களுக்கு அதிகம் வேலை வைக்கப்போவது பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உருளை வளையம். 6205 என்று பொறித்திருந்தால், கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: உள்துளை 25 மில்லிமீட்டர். ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) ஏற்றும்போது வெளி வளையத்தைத் தட்டினால் உருளும் தடத்தில் பள்ளம் விழும், உள் வளையத்தில்தான் அழுத்த வேண்டும். சூடாகிறதே என்று கிரீஸை மேலும் மேலும் திணித்தால் இன்னும் சூடாகும். பழையதைக் கழற்றிப் புதிதை மாட்ட ஹெல்ப்பரே போதும். அதே பேரிங் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது, பெல்ட் இறுக்கம் அதிகமா, இரண்டு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் (நேர்கோடு) விலகிவிட்டதா என்று பிடிப்பவரைத்தான் மில் விடாது.

அப்புறம், எலக்ட்ரிக்கல் நமக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். இன்றைய மெஷின்களில் மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர், சென்சார், மெஷினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான பி.எல்.சி. எல்லாம் வந்துவிட்டன. மெஷின் நின்றால் கோளாறு ஷாஃப்டிலா சென்சாரிலா என்றாவது பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்ததும் உடனே நிரந்தர வேலை தேடாமல் அப்ரண்டிஸாகச் சேருங்கள், உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும். பலவகை மெஷின் ஓடும் இடமாக இருந்தால் நல்லது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யிலும் அப்படியே. இன்ஜினியரிங் எங்கும் ஓடிவிடாது.

மில்லில் "ஓட்டத்திலேயே பார்த்துவிடு" என்று அவசரப்படுத்துவார்கள். சூப்பர்வைசரே சொன்னாலும் கேட்காதீர்கள். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மெஷினுக்குள் கை போக வேண்டும்.