ஓநாய்த் தோலும் உள்ளே இருக்கும் ஓநாயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் ஓநாய் மனிதர்கள் பற்றிச் சும்மா நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பேராசிரியர் எல்லாம் இல்லை, பழைய வழக்குப் பதிவுகளையும் நாட்டார் கதைகளையும் பல வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "ஓநாயாக மாற மந்திரம் இருக்கிறதா?" என்று கேட்ட மூன்று பேருக்கும் ஒரே பதில்: என்னிடம் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்க்காரன்): வால் கட்டிக்கொண்டு, முகமூடி போட்டு நாலு காலில் ஓடும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடியோ நிறைய வருகிறது. "தீரியன்" என்கிறார்கள். ஓநாய் மனிதன் கதையை உண்மை என்று நம்புகிற கூட்டமா இது?

இல்லை. தீரியன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் "என் உடம்பு மாறும்" என்று சொல்வதில்லை. உடம்பு மனித உடம்புதான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். உள்ளுக்குள் நான் ஓநாய், அல்லது நரி, அல்லது பூனை என்பதுதான் அவர் பேச்சு. சிலர் அதை ஆன்மாவின் சங்கதியாகச் சொல்வார்கள் (போன பிறவியில் ஓநாயாக இருந்தேன், இது நமக்குக் கேட்டுப் பழகிய பேச்சுதான்), சிலர் மனத்தின் அமைப்பே அப்படி என்பார்கள். இல்லாத வால் இருப்பது போல உணர்கிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. காட்டு மிருகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'தீரியோன்', பெயர் அதிலிருந்து வந்தது.

வீடியோவில் ஓடுகிற எல்லாரும் தீரியன் இல்லை. நாலு காலில் ஓடுவதற்குக் குவாட்ரோபிக்ஸ் என்று தனிப் பெயர், பல பேருக்கு அது வெறும் உடற்பயிற்சி. மிருக வேடம் போட்டு விழா நடத்தும் ஃபர்ரி கூட்டம் வேறு. அது பொழுதுபோக்கு, ரசிகர் மன்றம் மாதிரி.

கேள்வி (நிலா ரசிகை): அப்படியானால் ஓநாய் மனிதன் கதைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது, நேரடியாகவே இருக்கிறது. டிக்டாக்கில் பிறந்த விஷயம் என்று நினைப்பவர்கள் முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். யூஸ்நெட் என்ற பழைய இணைய வசதியில் 1992-இல் ஓநாய் மனிதன் திகில் கதைகளையும் படங்களையும் பேசுவதற்கென்று ஒரு குழு தொடங்கியது. படம் பற்றிப் பேச வந்தவர்களில் சிலர் கொஞ்சம் கொஞ்சமாக, "படம் இருக்கட்டும், எனக்கு நிஜமாகவே இப்படி ஒரு உணர்வு சின்ன வயதிலிருந்தே இருக்கிறது" என்று எழுத ஆரம்பித்தார்கள். அதைப் படித்த இன்னொருவர் "அட, எனக்கும்" என்றார். 1994-லிருந்து நேரில் கூடவும் செய்தார்கள், அந்தச் சந்திப்புக்கு 'ஊளை' என்றே பெயர். இன்றைய தீரியன் கூட்டம் அங்கிருந்து கிளைத்ததுதான். திகில் கதை பேசப் போன இடத்தில் தங்களுக்கு ஒரு பெயர் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி (பூவரசு): பௌர்ணமி, வெள்ளித் தோட்டா, கடித்தால் பரவுவது, இதெல்லாம் எந்த ஊர் நம்பிக்கை?

பெரும்பாலும் ஹாலிவுட் ஊர்! நாம் இன்று "பழங்காலத்து நம்பிக்கை" என்று நினைக்கும் வடிவம் 1935-க்கும் 1943-க்கும் நடுவில் வந்த சில படங்களில் கெட்டிப்பட்டது. 1941-இல் வந்த 'ஓநாய் மனிதன்' படத்துக்குக் கதை வசனம் எழுதிய கர்ட் சியோட்மாக், நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அடுத்துச் சாகப்போகிறவர் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரியும் என்று அந்தப் படத்தில் வருவதை, இந்த விவரம் தெரிந்த பிறகு என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை (யூதர்களை நட்சத்திரச் சின்னம் அணிய வைத்தவர்கள் நாஜிகள்).

பழைய கதைகளில் நிலா இருக்கும், ஆனால் அது விளக்கு மாதிரி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் சொல்லும் கதையைப் பாருங்கள். ஒருவன் இரவில் ஒரு சிப்பாயோடு ஊருக்கு வெளியே நடக்கிறான், நடுப்பகல் போல நிலா காய்கிறது. கல்லறைகள் இருக்கும் இடத்தில் சிப்பாய் உடுப்பைக் கழற்றி வைத்து, அதைச் சுற்றி மூத்திரம் பெய்து, ஓநாயாகிக் காட்டுக்குள் ஓடிவிடுகிறான். நம்ம ஆள் துணியைத் தொட்டுப் பார்த்தால் அது கல்லாகிக் கிடக்கிறது. பயந்து தோழி வீட்டுக்கு ஓடுகிறான். "இப்போதுதான் ஒரு ஓநாய் வந்து ஆடுகளைக் கிழித்தது, எங்கள் அடிமை அதன் கழுத்தில் ஈட்டியால் குத்தினான்" என்கிறாள் அவள். விடிந்து வீட்டுக்கு வந்தால், சிப்பாய் மாடு மாதிரிக் கட்டிலில் கிடக்கிறான், வைத்தியர் அவன் கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கழுத்துக் காயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

கேள்வி (கல்வெட்டு): ஐரோப்பாவில் ஓநாய் மனிதன் என்று சொல்லி ஆட்களைக் கொன்றது உண்மையா?

உண்மை. 1589-இல் கொலோன் நகருக்குப் பக்கத்தில் பெட்பர்க்கில் பீட்டர் ஸ்டும்ப் என்பவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள், பிசாசு கொடுத்த இடுப்புவாரைக் கட்டினால் ஓநாயாவேன் என்று அவரிடம் வாக்குமூலம் வாங்கி. 1603-இல் பிரான்சில் ழான் கிரெனியே என்ற சிறுவன் தானாகவே ஒப்புக்கொண்டான். போர்தோ நீதிமன்றம், பையனுக்குப் புத்தி சரியில்லை என்று கொலைத் தண்டனை கொடுக்காமல் மடாலயத்தில் வைத்தது. பதினாலு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், அடுத்தடுத்த ஊர்களில் வேட்டை அதற்கப்புறமும் நடந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த வழக்கு லிவோனியாவில், இன்றைய லாட்வியாவில், 1691-இல் நடந்தது. தேவாலயத் திருட்டு ஒன்றுக்குச் சாட்சி சொல்ல தீஸ் என்ற கிழவரை அழைத்தார்கள். எண்பதைத் தாண்டிய ஆள். இவர் ஓநாய் மனிதர் என்று ஊருக்கே தெரியும் என்று யாரோ சொல்ல, விசாரணை திசை மாறிவிட்டது. கிழவர் மறுக்கவே இல்லை. ஆமாம், இருந்தேன், விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்கிறார். நாங்கள் பிசாசின் ஆட்கள் இல்லை, கடவுளின் வேட்டை நாய்கள். வருடத்துக்கு மூன்று இரவு நரகத்துக்குப் போகிறோம் (அது சதுப்பு நிலத்துக்குள் இருக்கிறதாம்), மந்திரவாதிகள் திருடிப்போய் ஒளித்த தானியத்தை மீட்டு வருகிறோம், மீட்காவிட்டால் அந்த வருடம் விளைச்சல் இல்லை. அவர் மூக்கு உடைந்திருந்தது. நரக வாசலில் ஒரு மந்திரவாதி துடைப்பக் கட்டையால் அடித்ததில் உடைந்தது என்றார்.

நீதிபதிகள் விடாமல் துருவுகிறார்கள். ஆடு மாட்டைப் பிடித்தால் பச்சையாகத் தின்பீர்களா? இல்லை, சுட்டுத்தான் தின்போம். ஓநாய்க்குக் கை ஏது? பல்லால் கிழிப்போம், தின்னும்போது திரும்ப மனிதராகிவிடுவோம். ரொட்டி? ரொட்டி கிடையாது. உப்பு? உப்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போவேன்.

அந்த உப்பைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். வெளியூர் வேலைக்குக் கட்டுச்சோறு கட்டுகிறவர் பேச்சு இது, பிசாசுக்கு ஆத்மாவை விற்றவர் பேச்சு இல்லை. பாதிரியார் வந்து மனம் திரும்பச் சொன்னபோது, நீர் சின்னப் பையன், இந்த விஷயம் உம்மைவிட எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். 1692-இல் தீர்ப்பு: கசையடி, நாடு கடத்தல். இத்தாலியில் ஃப்ரியூலி பகுதி விவசாயிகளும் இதே போல இரவில் ஆவியாகப் போய் விளைச்சலுக்காகச் சூனியக்காரர்களோடு சண்டை போட்டதாகச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க்.

என் கட்சி இதுதான்: நீதிமன்றம் "உடம்பு எப்படி மாறியது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தது. தீஸ் சொல்லிக்கொண்டிருந்தது "எங்கே போனேன், எதற்குப் போனேன்" என்று.

கேள்வி (கடலோடி): வைக்கிங் வீரர்கள் ஓநாய்த் தோல் போட்டது இதில் சேருமா?

சேரும். ஓநாய்த் தோல் போர்த்தியவர்களை 'உல்ஃப்ஹெத்னார்' என்றார்கள். அவர்கள் கடவுளான ஓதினின் ஆட்கள் கவசமில்லாமல், ஓநாய் போல வெறியேறி, தங்கள் கேடயத்தையே கடித்தார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதி வைத்திருக்கிறார். அங்கே தோல் என்பது ஒரு சுபாவத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது. நம்மூரில் சாமியாடுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (மருந்துக்கடை): நேராகவே கேட்கிறேன், இது மனநோய் இல்லையா?

நேராகவே சொல்கிறேன், இரண்டு வேறு விஷயம். தான் மிருகமாகிவிட்டதாகவே ஒருவர் நம்பி அப்படியே நடந்துகொள்ளும் நோய்க்குறி அபூர்வமாக உண்டு. அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனை மருத்துவர்கள் 1988-இல் 12 பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு ஒரே நாள் இருந்தது, இன்னொருவருக்கு 13 வருடம். பெரும்பாலும் கடுமையான மனநோயின் ஒரு பகுதியாக வருவது, வைத்தியம் வேண்டும். கண்ணாடியில் மனித முகம்தான் தெரிகிறது என்று சொல்லி, வேலைக்கும் போய், வாடகையும் கட்டி, உள்ளே ஓநாய் என்று உணர்கிறவரை அதே பெட்டியில் அடைக்க முடியாது. அவர் சொல்வதை நான் நம்புகிறேனா? எனக்குப் பிறவிக் கணக்கில் பெரிய பிடிப்பில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி (தேயிலை): நம் பக்கம் இப்படி ஏதும் இல்லையா?

நம் பக்கம் ஓநாயைவிடப் புலி. மலேசியாவில் ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் அப்பாயி, புது வியாபாரி யாராவது வந்தால் முதலில் மேலுதட்டைத்தான் பார்ப்பார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாவிட்டால் அவன் 'ஹரிமாவ் ஜடியான்', இரவில் புலியாகிறவன். மலாய்க்காரர்களிடமிருந்து கேட்டுக்கொண்டது. சுமாத்ராவின் கெரிஞ்சியிலிருந்து வந்த வியாபாரிகள் மேல் இந்தச் சந்தேகம் அதிகம்.

நாகாலாந்தில் இன்னும் சுவாரசியம். அங்கே மனிதன் புலியாக மாறுவதில்லை. ஆள் வீட்டில் தூங்குவான், அவன் உயிர் போய்க் காட்டில் இருக்கும் ஒரு புலியிலோ சிறுத்தையிலோ சேர்ந்துகொள்ளும். அந்த மிருகத்தை யாராவது சுட்டால் இவன் உடம்பில் காயம் வரும். ரோமாபுரிச் சிப்பாயின் கழுத்து ஞாபகம் வருகிறதா? இடையில் பத்தொன்பது நூற்றாண்டு, கடல், மலை எல்லாம் இருக்கிறது. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1920 வாக்கில் இதை விரிவாக எழுதினார்.

சிதம்பரத்துப் புலிக்கால் முனிவரைச் சிலர் கேட்டிருந்தீர்கள். வண்டு தொடாத பூ பறிக்க மரமேற வேண்டும் என்று புலிக்கால் கேட்டு வாங்கிய அடியார் அவர். அது வரம், இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி (பருந்து): ஒரு வினாடி வினாவில் என் டோட்டம் பருந்து என்று வந்தது...

வாழ்த்துகள், ஆனால் அது டோட்டம் இல்லை. ஒஜிப்வே மக்களின் சொல் அது. கொக்கு, கரடி, மீன் என்று அப்பா வழியில் வரும் குலத்தைக் குறிப்பது. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது, நம்மூர்க் கோத்திரக் கணக்கு மாதிரி. வினாடி வினாவில் யாருக்காவது கோத்திரம் கிடைக்குமா?

கேள்வி (ஒரு அம்மா): என் மகளுக்கு 13 வயது. மாடியில் வால் கட்டிக்கொண்டு நாலு காலில் குதிக்கிறாள், தன்னை நரி என்கிறாள். பயமாக இருக்கிறது.

அம்மா, முதலில் சிமெண்ட் தரையில் வேண்டாம் என்று சொல்லுங்கள், மணிக்கட்டும் முட்டியும் போய்விடும். ஜப்பானில் கெனிச்சி இடோ நாலு காலில் 100 மீட்டரை 15.71 வினாடியில் ஓடி 2015-இல் உலக சாதனை வைத்தார், அதைக் காட்டிப் பேச்சை ஆரம்பிக்கலாம். நரி என்றால் என்ன தோன்றுகிறது என்று கிண்டல் இல்லாமல் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சாப்பாடு, தூக்கம், பள்ளி, சிநேகிதிகள் எல்லாம் வழக்கம் போல இருந்தால் பதற ஒன்றுமில்லை. அதில் ஏதாவது கெட்டால், நரி விஷயத்தை ஒதுக்கிவிட்டு, கெட்டது எது என்று பார்க்க ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (பூவரசு, மறுபடியும்): கடித்தால் பரவாது என்றால் பிறகு எப்படித்தான் பரவும்?

தீஸிடமும் இதைக் கேட்டார்கள். குடிக்கும் குவளைக்குள் மூன்று முறை ஊதி, எனக்கு ஆனது உனக்கும் ஆகட்டும் என்று சொல்லி நீட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் கை நீட்டி வாங்கிக்கொண்டால் அது அவரிடம் போய்விடும். வாங்காவிட்டால் போகாது.