மெகிதோ மேட்டில் ஒன்றரை மணி நேரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: புனித நாட்டுப் பயணத்தில், வட இஸ்ரேலில் உள்ள பழைய நகரமான மெகிதோவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். போய் வந்தவர்கள் “வெறும் கல்தான்” என்கிறார்கள். இஸ்ரவேலருக்கு முன்பு அங்கே வாழ்ந்த கானானியர் கட்டியதையும் இஸ்ரவேலர் கட்டியதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அம்மாவுக்கு மூட்டு வலி வேறு.

பதில்: ஒரே ஊரின் இடிபாடு என்று நினைத்துப் போனால் கல்தான் தெரியும். இடிந்த ஊரின் மேலேயே அடுத்த ஊரைக் கட்டிக் கட்டி உயர்ந்த மேடு அது. இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள். 1925 முதல் 1939 வரை தோண்டிய சிகாகோ பல்கலைக்கழகத் தொல்லியல் குழு சில இடங்களில் மேலடுக்குகளை முழுக்க அகற்றிவிட்டது. அதனால் பத்தடி தூரத்தில் இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கலாம். நுழைவிடத்தில் உள்ள நகரத்தின் சிறு மாதிரியை முதலில் ஐந்து நிமிடம் பாருங்கள்.

ஏறும் வழியில் முதலில் வருவது கானானியர் வாசல். அதைத் தாண்டினால் இஸ்ரவேலர் காலத்து ஆறு அறை வாசல். அதில் ஒரு பக்கத்து அறைகள்தான் மிச்சம். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 9:15 ஆத்சோர், மெகிதோ, கேசேர் மூன்றையும் சாலொமோன் ராஜா கட்டியதாகச் சேர்த்துச் சொல்வதால் இது சாலொமோன் வாசல் என்றார் தொல்லியலாளர் யிகாயேல் யாதின். இன்னொரு தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டீன் அதை சாலொமோனுக்கு அடுத்த நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார். வழிகாட்டி ஒன்றை மட்டும் சொன்னால் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, ஆழமாகத் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். ஏறத்தாழ 8 மீட்டர் குறுக்களவில், படிகளோடு, வட்டமான ஒரு பலிமேடை. சாலொமோனுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய கானானியர் கட்டியது. நேரம் குறைந்தால்கூட இதை விடாதீர்கள்.

தெற்கே தானியக் குழி: சுமார் 7 மீட்டர் ஆழம், கி.மு. 8ஆம் நூற்றாண்டு. எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வைத்திருப்பது, இறங்குபவரும் ஏறுபவரும் மோதாமல் இருக்க. பக்கத்தில் கல் தொட்டிகளோடு உள்ள தூண் வரிசைகளைக் குதிரை லாயம் என்பார்கள், கிடங்கு என்று வாதிடுவோரும் உண்டு. இங்கே அவசரமாக நகரலாம்.

மிச்சமாகும் நேரத்தை நீர்ச்சுரங்கத்துக்கு வையுங்கள். ஊற்று மதிலுக்கு வெளியே மலையடியில் இருந்தது. முற்றுகை வந்தால் தண்ணீர் எதிரி கையில். அதற்காக நகருக்குள் செங்குத்தாக ஒரு குழி வெட்டி, அடியிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். இறங்கும்போது குழிச் சுவரைக் கவனியுங்கள். மேல்பகுதி பழைய ஊர்களின் மண்ணைத் துளைத்துப் போவதால், சரியாமல் இருக்கக் கல் அடுக்கித் தாங்கியிருக்கிறார்கள். கீழே போகப் போகப் பாறையையே செதுக்கியது.

இறங்க 180க்கும் மேற்பட்ட படிகள், வெளியேற இன்னும் 80. அம்மா இறங்க வேண்டாம். வந்த வழியே நுழைவிடத்துக்குத் திரும்பட்டும். சுரங்கம் மேட்டுக்கு வெளியே, நுழைவிடத்திலிருந்து தள்ளி முடிகிறது. பேருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு அங்கே வரவேண்டும் என்று மேலே ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். மேட்டில் நிழல் குறைவு, அம்மா கையில் தண்ணீர் இருக்கட்டும்.