முழங்கால் வலி மாத்திரையும் இதயத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும்

கேள்வி: குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. ரப்பர் பால் வெட்டுகிறார். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் தவறாமல் போடுகிறார். முழங்கால் வலி கூடும்போது மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலிக்குக் காரணமே புரோஸ்டாகிளாண்டின்தான், அதை இந்த மாத்திரை அடக்கும் என்று கடையில் சொன்னார்களாம். அந்தப் புரோஸ்டாகிளாண்டின் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று நான் படித்தேன். எது சரி டாக்டர்? சாளை மீன் சாப்பிட்டால் அது கூடுமா?

பதில்: இரண்டும் சரிதான், அதனால்தான் கவலைப்படுகிறேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை அப்பா இனி தானாக வாங்கிப் போட வேண்டாம். அதே சமயம், இதய டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

புரோஸ்டாகிளாண்டின் என்பது ஒரு பெரிய குடும்பம். செல்களின் சவ்வில் உள்ள அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து, காக்ஸ் என்ற நொதியின் உதவியோடு, தேவைப்படும் இடத்திலேயே உடம்பு அதைத் தயாரிக்கிறது. தேய்ந்த மூட்டில் உண்டாகும்போது வலியையும் வீக்கத்தையும் கூட்டும்; வலி மாத்திரை காக்ஸை அடக்கித்தான் அதைக் குறைக்கிறது. இரத்தக் குழாயின் உள்சுவரில் உண்டாகும் புரோஸ்டாசைக்ளினும் இதே குடும்பம்தான். 1976-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். 1982-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் வேனும் ஒருவர்.

இதயத் தசைக்கு இரத்தம் குறையும்போது புரோஸ்டாசைக்ளின் குழாயை விரித்துக் கொடுக்கிறது, இரத்தத்தை உறைய வைக்கும் சிறு அணுக்களான பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. சில நிமிடங்களில் அழிந்துவிடும் என்பதால் உள்சுவர் அதைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிளேட்லெட்டுகள் உண்டாக்கும் த்ரோம்பாக்சேன் இதற்கு நேரெதிர்: குழாயைச் சுருக்கும், இரத்தத்தை உறைய வைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சமநிலையில்தான் அடைப்பு உள்ளவரின் இதயம் நிற்கிறது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் ஒரு பகுதி உண்டு. 1986-இல் அமெரிக்காவில் நாய்களிடம் ஒரு சோதனை நடந்தது. இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிடம் அடைத்துப் பார்த்தார்கள். நேராக 40 நிமிடம் அடைக்கப்பட்ட நாய்களோடு ஒப்பிட்டால், தசைச் சேதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தது. சிறு சிறு தட்டுப்பாட்டைச் சந்தித்த தசை, பெரிய தட்டுப்பாட்டுக்குத் தயாராகிவிட்டது. இந்தப் பாதுகாப்பு சில மணி நேரத்தில் மங்கி, ஒரு நாள் கழித்து மறுபடி வருகிறது. இரண்டாவது முறை வருவதற்குக் காக்ஸ் நொதியின் ஒரு வகையான காக்ஸ்-2 உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் தேவை என்று பின்னாளில் முயல்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. காக்ஸ்-2-ஐ மருந்தால் அடைத்தபோது பாதுகாப்பும் போய்விட்டது.

இவை விலங்குகளில் கண்டவை. மாரடைப்பு வந்தவருக்குப் புரோஸ்டாசைக்ளினை வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பதில்லை. இரத்த அழுத்தத்தை அது சட்டென்று இறக்கிவிடும். ஆனால் காக்ஸ்-2-ஐ அடைத்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. ரோஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து, 2004 செப்டம்பரில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபெனாக்கின் ஆபத்தும் கிட்டத்தட்ட அந்த வகை மாத்திரைகள் அளவுக்கே இருக்கிறது.

அப்படியானால் ஆஸ்பிரின் மட்டும் எப்படி நல்லது என்று கேட்பீர்கள். பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதியைத் தயாரிக்க முடியாது. ஆஸ்பிரின் அதன் காக்ஸை ஒருமுறை முடக்கினால், அந்தப் பிளேட்லெட்டின் ஆயுளான எட்டுப் பத்து நாளும் அது த்ரோம்பாக்சேன் உண்டாக்க முடியாது. குழாய்ச் சுவரோ புது நொதியைத் தயாரித்துக்கொள்ளும். அதனால் சிறிய அளவு ஆஸ்பிரின் தராசை இதயத்தின் பக்கம் சாய்க்கிறது. பிளேட்லெட்டின் காக்ஸில் ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தில் இபுபுரோஃபென் முந்திப்போய் உட்கார்ந்துகொண்டால், ஆஸ்பிரின் வேலை செய்யவே முடியாது. வலி மாத்திரைகளால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் போடுகிறவருக்கு வயிற்றில் இரத்தக் கசிவும் வரலாம்.

அட்டையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். முழு அட்டை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். பாராசிட்டமால் என்ற பெயருக்கு மேலேயோ கீழேயோ அசெக்ளோஃபெனாக் என்றும் அச்சடித்திருக்கும். பாராசிட்டமால்தானே என்று நினைத்துப் போடுகிற பலர் இதைக் கவனிப்பதில்லை.

வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் மரமாகக் குனிந்து வெட்டுகிறவருக்கு மூட்டு வலிக்கத்தான் செய்யும். தனிப் பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவில் போடலாம்; குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மேலே தடவும் ஜெல்லில் இரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு, அதையும் கேட்டுவிட்டுத் தடவலாம். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம். வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவுவதானால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுவதை அவரிடம் சொல்லுங்கள், அழுத்தினால் எளிதில் கன்றிப்போகும்.

சாளை நல்லதுதான். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்தும் உடம்பு புரோஸ்டாசைக்ளின் போன்ற பொருளைத் தயாரிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள், எண்ணெயில் பொரிக்க வேண்டாம். வலி மாத்திரை செய்யும் கெடுதியை மீன் ஈடுகட்டிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் கேஸ் மாத்திரையோ வலி மாத்திரையோ தேடாமல் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கூட வெட்டுகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.