பத்தடிக் கூடமும் 50 எம்எம் லென்ஸும்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். கைமாறி வந்த கேனன் 1500டி கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். கூடவே, கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸ். வீட்டில் பிள்ளைகள் பிறந்தநாள், எங்கள் மாரியம்மன் கோவில் தீமிதி, இரண்டையும் நன்றாக எடுக்க வேண்டும். இரவில் எடுத்தால் எல்லாம் ஆடிப்போய் வருகிறது. கூட்டாளி, "50 எம்எம் வாங்கு, வீட்டுக்குள் எடுக்க அதுதான் சரி" என்கிறார். கடைக்காரர் 75-300 காட்டுகிறார். எனக்கு 24 எம்எம் மேல் ஒரு கண். ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்குங்கள் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறந்து வெளிச்சத்தை அதிகம் விடும்; எஸ்டிஎம் என்பது அதன் மோட்டார் வகை). ஆனால் வீட்டுக்குள் எடுப்பதற்கென்று வாங்காதீர்கள். கோவிலுக்காக வாங்குங்கள்.

உங்கள் கேமராவில் படம் பதிகிற சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம். அதை லென்ஸின் எம்எம்மால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். படத்துக்குள் எத்தனை அடி அடங்கும் என்று தெரிந்துவிடும். தோட்ட வீட்டுக் கூடம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் 50ல் நாலரை அடிதான் கிடைக்கும். கேக் வெட்டுகிற பிள்ளையும் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு பேரும் வருவார்கள், பாட்டி வெளியே போய்விடுவார். 24ல் ஒன்பதே கால் அடி, 18ல் பன்னிரண்டு அடிக்கு மேல்.

அப்படியானால் 24தானே என்பீர்கள். அது எஃப் 2.8 வரை திறக்கும். உங்கள் கிட் லென்ஸோ 24ல் ஏறத்தாழ எஃப் 4 வரை ஏற்கெனவே திறக்கிறது. கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மடங்கு வெளிச்சம், அவ்வளவுதான். அதற்கு இன்னொரு டியூப் லைட்டைப் போட்டு, மேசையை அதன் அடிக்கு நகர்த்தினால் போதும். மெழுகுவத்தி ஊதும்போது எல்லா விளக்கையும் அணைக்கிற பழக்கத்தையும் விடுங்கள், ஒன்றாவது எரியட்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200, ஷட்டர் 1/100 வினாடி வைத்து ஆரம்பியுங்கள்.

ஆடிப்போன படங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் தொங்கும் காலண்டரின் எண்கள் தெளிவாக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது பிள்ளை. காலண்டரும் சேர்ந்து கலங்கியிருந்தால் உங்கள் கை. லென்ஸில் 'ஐஎஸ்' என்ற எழுத்து இருந்தால் கை நடுக்கத்தை அது தாங்கும் (கிட் லென்ஸிலேயே அது இல்லாத வகையும் உண்டு). பிள்ளையின் ஆட்டத்தை எந்த ஐஎஸ்ஸாலும் நிறுத்த முடியாது. ஷட்டர் வேகம்தான் நிறுத்தும்.

இனி கோவில். கிட் லென்ஸை 50 பக்கம் இழுத்தால் எஃப் 5.6 ஆகிவிடும். பூக்குழி ஓரம் ஐஎஸ்ஓ 6400ல் 1/25 கிடைக்கிறது என்று வையுங்கள். அதே இடத்தில் 50 எம்எம் லென்ஸை எஃப் 2ல் திறந்தால் எட்டு மடங்கு வெளிச்சம். 1/25 என்பது 1/200 ஆகும். அல்லது ஐஎஸ்ஓவை 3200க்கு இறக்கி 1/100ல் எடுக்கலாம். தீயில் ஓடுகிறவருக்கு 1/200. மண்டபத்து டியூப் லைட்டுக்கு அடியில் 1/100 போதும், ஏனென்றால் நம் மின்சாரத்தில் அந்த விளக்கு வினாடிக்கு நூறு முறை மினுக்கும். அதைவிட வேகமாக எடுத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும். பதினைந்தடி தள்ளி நின்று கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் தலை முதல் பாதம் வரை ஒருவர் அளவாக அடங்குவார். குழிப் பக்கத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள், சாம்பல் நேராக உள்ளே போகும்.

எஃப் 1.8ல் ஐந்தடி தூரத்து முகத்தை எடுத்தால், தெளிவாக விழுவது இரண்டரை அங்குலம்தான். கண் சரியாக இருக்கும், காது கரைந்துவிடும். இரண்டு பேர் என்றால் எஃப் 4க்கு மூடுங்கள். 1500டியில் உள்ள ஒன்பது குவியப் புள்ளிகளில் நடுப்புள்ளிதான் இருட்டில் நம்பகமானது. அதை மட்டும் தேர்ந்து கண்ணில் வையுங்கள்.

75-300 பகலில் பறவைகளைப் படம் பிடிக்க ஆகும். முழுதாக நீட்டினால் எஃப் 5.6தான், பொதுவாக விற்கும் வகையில் ஐஎஸ்ஸும் கிடையாது. 300ல் கையில் பிடிக்க 1/500 வேண்டும். தீமிதிக்கு அது சுமை.

பழையதாக வாங்கினால் மாட்டுகிற வளையத்தைப் பாருங்கள். உலோகமாக இருந்து, லென்ஸில் 'STM' என்றும் எழுதியிருந்தால் எஸ்டிஎம். பிளாஸ்டிக்காக இருந்தால் அது முந்திய வகை, மோட்டார் கரகரக்கும். சிவப்புப் புள்ளியோ வெள்ளைச் சதுரமோ உள்ள லென்ஸ் உங்கள் கேமராவில் பொருந்தும். 'ஆர்எஃப்' என்று போட்டிருந்தால் பொருந்தாது, விலை குறைவு என்று ஏமாறாதீர்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஸ்டிஎம்மின் முன்குழாய் கிட்டத்தில் குவியும்போது வெளியே நீளும். தூரத்தில் ஒருமுறை குவித்து அதை உள்ளே இழுத்துவிட்டுக் கேமராவை அணையுங்கள். நீண்டபடி பையில் போட்டால் இடிபட்டு உடையும்.

நம் ஊர் ஈரத்தில் துணி அலமாரியும் கேமரா பையும் பூஞ்சைக்குப் பண்ணை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஏறினால் ஜெல்லைக் காயவைத்துப் போடுங்கள்.

காசு கொடுக்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குப் போங்கள். கிட் லென்ஸின் வளையத்தை 55க்குச் சற்று முன்னால் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். படம் இருட்டாக வரும், போகட்டும். பின்னால் நகர இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாமல் தூணில் முட்டிக்கொண்டே இருந்தால், அந்தக் கோவிலுக்கு 24தான்.