இறப்பது பெண் என்றால் அது அடோனிஸ் கதை அல்ல

வணக்கம். பழுப்பு மையால் வரைந்த உங்கள் பரோக் காலக் கோட்டோவியத்தின் அட்டையில் 'வீனஸும் அடோனிஸும்' என்று எழுதியிருக்க, படத்தில் மார்பில் காயத்தோடு கிடப்பது பெண்ணாக இருப்பதால் குழம்புவதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. அடோனிஸ் கதையில் காட்டுப்பன்றி தாக்கி மடிபவன் ஆணான அடோனிஸ், அழுபவள் காதல் தேவி வீனஸ். நீங்கள் குறிப்பிடும் புதர், எறியீட்டி, வேட்டைநாய் மூன்றும் கிரேக்கப் புராணத்தில் வரும் கணவன் செஃபாலஸ், மனைவி புரோக்ரிஸ் இணையரையே காட்டுகின்றன.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதன்படி, வேட்டையில் களைத்த செஃபாலஸ் இளங்காற்றை 'அவுரா, வா' என்று அழைக்க, அதை வேறொரு பெண்ணின் பெயரென்று நம்பிப் புதரில் மறைந்திருந்த மனைவியை, விலங்கென்று எண்ணி, அவளே பரிசளித்த குறிதவறாத ஈட்டியால் அவன் வீழ்த்திவிடுகிறான். அவுராவை மட்டும் மணந்துகொள்ள வேண்டாம் என்று உயிர் பிரியும்போதும் அவள் வேண்டுவதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்யும் இடம். அவள் தந்த நாய் இதற்கு முன்பே கல்லாகிவிட்டது. ஆயினும் வேட்டைக்காரனின் அடையாளமாக ஓவியர்கள் நாயைச் சேர்ப்பதுண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் வேட்டை மாளிகைக்காக ஃபிளெமிய ஓவியர் ரூபன்ஸ் இதே கதையை வைத்து 1636 அளவில் தீட்டிய முன்வரைவு மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஈட்டி இன்னும் எறியப்படவில்லை, புரோக்ரிஸ் புதரிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.